முப்பத்தைந்தில் ஒரு பங்கு போர்

போர் அருங்காட்சியகத்தின் இயக்குநருக்குக் கீழ்வரிசைப் பல் முழுவதும் போய்விட்டதால்தான் இது நடந்தது. பல் இருந்திருந்தால் அவர் அந்தப் பல் செட் செய்யும் கூடத்தின் மாடிப்படியை ஏறியிருக்க மாட்டார். ஜன்னலோரம் இருந்த பொம்மை லாரியையும் பார்த்திருக்க மாட்டார்.

டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, பாலிஷ் போட்டுக் கொடுப்பது அங்கே ஒரு பெண்ணின் வேலை. மெழுகு மிஞ்சினால் ஆள் பொம்மை செய்வாள். சுண்டுவிரல் உயரத்துக்கு ஓர் ஆள்; நிஜ ஆளில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஜன்னலோரம் இருந்தது, வழியில் பழுதாகி நின்றுபோன ஒரு ராணுவ லாரி. அதன் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள். பக்கத்தில் நின்று, எனக்கென்ன வந்தது என்று காது குடைந்துகொண்டிருக்கும் இன்னொரு சிப்பாய்.

செட் கடிக்கிறது என்று புகார் சொல்ல வந்த இயக்குநர், வந்த காரியத்தை மறந்துவிட்டு அதன் முன் குனிந்தார்.

"இது யாரும்மா செஞ்சது?"

"நான்தான் சார். சும்மா பொழுதுபோக்குக்கு."

"இந்தக் காது குடையறவனை நான் பாத்திருக்கேன். எல்லா ராணுவத்துலயும் இவன் ஒருத்தன் இருப்பான்."

இத்தனை வருஷத்தில் அவளுடைய பொம்மைகளைப் பற்றி வேறு யாரும் இப்படிச் சொன்னதில்லை. சாவி போடும் கடை வைத்திருந்த அவள் கணவன் சொன்னதெல்லாம் "தூசி சேருது" என்பது மட்டும்தான். ஆகவே ஆற்றுப் பாலப் போரின் ஆண்டு விழாவுக்கு, அருங்காட்சியகத்தின் நடு மண்டபத்தில் ஒரு கட்டில் அளவுக்குப் போர்க்காட்சி செய்து தர முடியுமா என்று இயக்குநர் கேட்டபோது அவள் மூச்சுவிடாமல் தலையாட்டினாள்.

"தத்ரூபமா இருக்கணும். அச்சு அசலா. அதே சமயம் உங்க கற்பனைக்கு முழுச் சுதந்திரம் உண்டு. கீழ பித்தளைத் தகட்டுல உங்க பேரு இருக்கும்," என்றார் இயக்குநர்.

அவள் மூன்றையும் நம்பினாள்.

அவளுடைய மாமனார் அந்தப் போரில் இருந்தவர். துப்பாக்கி தூக்கியவர் இல்லை, ஸ்ட்ரெச்சர் தூக்கியவர். வீட்டில் அதைப் பற்றி வாய் திறந்தது கிடையாது. மகன் சிறு பையனாக இருந்தபோது எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்டதற்கு, "போய்ப் படி" என்று சொன்னதோடு சரி. இப்போது வீட்டிலுள்ள எல்லார் துணிக்கும் இஸ்திரி போடுவதை அவர் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருந்தார். மருமகள் போய் நின்றபோதும் ஒரு சட்டைக் காலர்மேல் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்கும்மா அதெல்லாம் இப்ப?"

"பொம்மையா செய்யச் சொல்லியிருக்காங்க மாமா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிரந்தரமா இருக்குமாம்."

"நிரந்தரமாவா?"

"ஆமா."

அவர் அந்தக் காலரை முடித்து, சட்டையை மடித்து வைத்துவிட்டுத்தான் பேசினார். "அப்பச் சரியா செய்யணுமே."

அதற்குப் பிறகு சில வாரங்கள், இஸ்திரிப் பெட்டி சூடேறும் நேரத்திலும் ஆறும் நேரத்திலும் அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். டாங்கி சேற்றில் புதைந்து போயிற்று. ஒரு குண்டுகூடச் சுடவில்லை. ஆனாலும் அது இல்லாவிட்டால் ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அடிபட்டவர்களை அதன் மறைவில்தான் வரிசையாகப் படுக்க வைத்தார்கள். பாலத்து முனையில் நம் ஆட்களும் எதிரி ஆட்களும் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். சேறு அப்பிய பிறகு எவன் எந்த நாட்டுக்காரன் என்று சட்டையை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"ஸ்ட்ரெச்சர்ல முன்னாடி போறவன் குடுத்து வச்சவன்மா. அவனுக்குப் பாதை மட்டும்தான் தெரியும். பின்னாடி புடிக்கிறவனுக்குப் படுத்திருக்கறவன் மூஞ்சி தெரியும். அவனும் நம்மளையேதான் பாத்துட்டு வருவான். நான் பின்னாடி."

"அவங்ககிட்ட என்ன மாமா பேசுவீங்க?"

"என்ன பேசறது. இதோ வந்தாச்சு, இதோ வந்தாச்சுன்னு சொல்லுவேன். ஒண்ணும் வந்திருக்காது."

அவள் அப்படியே செய்தாள். புதைந்த டாங்கி. அதன் மறைவில் படுத்திருப்பவர்கள். பாலத்து முனையில் சேறும் உடம்புமாக ஒரு குவியல். இரு கரையிலும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருக்கும் சிப்பாய்கள். நடுவே, சறுக்கும் கரையில் ஸ்ட்ரெச்சரோடு ஏறுகிற இரண்டு பேர். பின்னால் வருகிறவன் குனிந்து, படுத்திருப்பவனிடம் ஏதோ சொல்கிறான். அந்த வாயைச் செதுக்க மட்டும் அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று.

அருங்காட்சியகத்துக்கு ஒரு தத்ரூபக் குழு இருந்தது. அதற்கு ஓய்வுபெற்ற ஜெனரல் ஒருவர் தலைவர். உறுப்பினர்களில் முக்கியமானவர், ராணுவச் சீருடைக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எல்லாரும் அவரைப் பொத்தான் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார். இவர்களைத் தவிர, கல்வெட்டுகளுக்கு வரிகள் எழுதித் தரும் கவிஞர் ஒருவர், படம் எடுத்துப் போடும் புகைப்படக்காரர் ஒருவர், எல்லாவற்றுக்கும் தலையாட்ட இயக்குநர்.

முதல் பார்வையிடலின்போது பொத்தான் தன் பூதக்கண்ணாடியை உடம்போடு ஒட்டிப் பிறந்த உறுப்பைப் போலச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். வெகுநேரம் மூச்சுக்கூட விடவில்லை.

"சட்டைப்பை மூடிக்கு நாலு ஓட்டைப் பொத்தான் வச்சிருக்கீங்க."

"ஆமா சார்."

"அந்த வருஷம் ரெண்டு ஓட்டை. நாலு ஓட்டை அடுத்த வருஷம்தான் வந்துச்சு. இது சரித்திரம்மா, விளையாட்டில்ல."

சுண்டுவிரல் உயர ஆளின் சட்டைப் பொத்தானில் ஓட்டை இரண்டா நாலா என்று பார்க்கத் தெரிந்த மனிதரை அவள் மனசாரக் கும்பிட்டு, அங்கேயே உட்கார்ந்து எல்லாருக்கும் இரண்டு ஓட்டையாகத் திருத்தினாள். டாங்கியின் பக்கவாட்டில் ஆணித்தலைகள் குறைவாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆற்றங்கரையிலிருந்து முத்திரை வைத்த பாட்டிலில் மண் தருவித்து, அவள் பூசியிருந்த நிறத்தோடு ஒப்பிட்டார்கள். மண்ணை நனைத்துப் பார்ப்பதா உலர்த்திப் பார்ப்பதா என்பதில் ஜெனரலுக்கும் பொத்தானுக்கும் வாக்குவாதம் வந்து, பாதி நனைத்துப் பாதி உலர்த்துவதென்று முடிவாயிற்று. உண்மைமேல் இவ்வளவு வெறி பிடித்தவர்களை அவள் கண்டதில்லை. வீட்டுக்குப் போய்க் கணவனிடம் பெருமையாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது டீ வந்தது.

டீ குடித்து முடித்ததும் இயக்குநர் எழுந்து, மேஜைமேல் இருந்த 'தத்ரூபக் குழு' என்ற பலகையை எடுத்துவிட்டு 'படைப்புச் சுதந்திரக் குழு' என்ற பலகையை வைத்தார். அதே ஆட்கள், அதே நாற்காலிகள். பொத்தான் மட்டும் பூதக்கண்ணாடியை உள்ளே வைத்துக்கொண்டார்.

"படைப்புச் சுதந்திரம்னா எனக்குத்தானே சார் சொன்னீங்க?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"உங்களுக்குத்தான். ஆனா தனி ஆள்கிட்ட விட்டா பாரமாயிடும்னு குழுகிட்ட ஒப்படைச்சிருக்கோம்," என்றார் இயக்குநர்.

ஜெனரல் பெட்டியைச் சுற்றி வந்து பாலத்து முனையில் நின்றார். "இவங்கெல்லாம் ஏன் படுத்திருக்காங்க?"

"செத்துட்டாங்க சார்."

"அது தெரியுது. ஏன் காட்டணும்னு கேக்கறேன்."

"செத்தாங்களே சார்."

"நான் மறுக்கலையே. வெளியில கல்லுல அத்தனை பேரு பேரும் வெட்டி வச்சிருக்கோம். ஒரே ஆளை வெளியில ஒரு தடவை, உள்ள ஒரு தடவை காட்டினா செத்தவங்க எண்ணிக்கை ரெண்டு மடங்கா தெரியாதா? சரித்திரத்தைத் திரிக்கலாமா?" ஜெனரல் குரலை உயர்த்தவே இல்லை. "தவிர, இது குடும்பத்தோட வர்ற இடம். சாவுதான் பாக்கணும்னா ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். அதுக்குன்னு வேற துறை இருக்கு."

கவிஞர் கண்ணை மூடிக்கொண்டு, மரணத்தைக் காட்டாமல் உணர்த்துவதே உயர்ந்த கலை என்றார். எப்படி உணர்த்துவது என்று அவள் கேட்டதற்கு, வெற்றிடத்தால் என்றார். ஆக, பாலத்து முனை வெற்றிடமாயிற்று.

அவள் ஏன் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை என்று கேட்கலாம். அவளும் பிற்பாடு தன்னைக் கேட்டுக்கொண்டாள். அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான்: அந்த ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இருந்தால் போதும். மற்றதை விட்டுக்கொடுக்கலாம். பித்தளைத் தகடும் கண்ணுக்குள் நிற்கத்தான் செய்தது.

எடுத்த பொம்மைகளை வீட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை. அருங்காட்சியகத்துக்கென்று செய்தவை அருங்காட்சியகத்தின் சொத்து, முறைப்படி அழிக்க வேண்டும் என்றார் இயக்குநர். முறை என்றால், குழுவின் முன்னிலையில். கட்டடத்திலேயே அடுப்பு இருந்த இடம் டீ போடும் அறை ஒன்றுதான். அங்கே பால் காய்ச்சுகிற பாத்திரத்தைக் கொடுத்தார்கள். அவள் ஒவ்வொருவராக உள்ளே போட்டாள். முதலில் முகம் போயிற்று, பிறகு சட்டை. பொத்தான்கள் மட்டும் கடைசிவரை கறுப்புப் புள்ளிகளாக மிதந்தன. குழு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பொத்தானின் கண் கலங்கியதை அவள் கவனித்தாள்.

"எல்லாம் ரெண்டு ஓட்டை," என்றார் அவர் கரகரத்த குரலில். "பாவம், திருத்தி முடிச்சிட்டாங்க."

பாத்திரத்தைக் கழுவி, அதிலேயே அடுத்த டீ போட்டார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு ஜெனரல், டீயில் என்னமோ வாடை அடிக்கிறது, பாலை மாற்றச் சொல்லுங்கள் என்றார்.

அடுத்த கூட்டத்தில் டீக்கு முன் ஆணித்தலைகள் எல்லாம் சரியாக இருப்பதாகப் பாராட்டினார்கள். டீக்குப் பின், டாங்கியின் மறைவில் படுத்திருந்தவர்கள் போனார்கள். மறைவில் ஆள் இல்லாதபோது டாங்கி ஏன் அங்கே நிற்க வேண்டும் என்று கேள்வி வந்தது. புதைந்த டாங்கி, அதைத் தயாரித்த தொழிற்சாலையின் மனத்தைப் புண்படுத்தும் என்றார் புகைப்படக்காரர். டாங்கியைச் சேற்றிலிருந்து பிடுங்கி மேட்டில் நிறுத்தினாள். கீழ்ப் பாதியில் ஆணித்தலைகளே இல்லை என்று பொத்தான் பதறினார். சேற்றுக்குள் இருந்த பாகத்துக்கு அவள் வைத்திருக்கவில்லை. உட்கார்ந்து வைத்தாள்.

பிறகு ஸ்ட்ரெச்சருக்கு வந்தார்கள்.

"இவன் அடிபட்டவனா?" என்றார் ஜெனரல்.

"ஆமா சார்."

"கட்டுத்துணியை எடுத்துடுங்க. ரத்தத்தைத் தொடைச்சிடுங்க. தூங்கட்டும்."

கட்டுத்துணியை எடுத்தாள். உடனே வேறு சிக்கல் வந்தது. போர்க்களத்தில் ஒருவன் தூங்க, இன்னும் இருவர் அவனைச் சுமந்துகொண்டு போவது ஒழுங்கீனம். அவனை எடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சரைக் காலியாக விட்டால், யாரோ அடிபடப் போகிறார்கள் என்று முன்கூட்டியே எதிர்பார்த்த மாதிரி இருக்கும்; அது அவநம்பிக்கை. கடிதமூட்டை ஒன்றை வைக்கலாம் என்று கவிஞர் சொன்னார். தாய்மார்கள் அனுப்பிய கடிதங்கள், ஸ்ட்ரெச்சரில் போகிற ஏக்கங்கள் என்று ஒரு வரியும் சொல்லிவிட்டார். வைத்தாள். மூட்டைக்கு அந்த வருஷம் சுருக்குக் கயிறா தோல்வாரா என்று பொத்தானுக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை அனுமதிப்பது தத்ரூபத்துக்கு விரோதம் என்று மூட்டையும் போயிற்று. மூட்டையோடு ஸ்ட்ரெச்சரும் போயிற்று.

கடைசியில், சறுக்கும் கரையில், முன்னால் இருப்பவன் கையைப் பின்னால் நீட்டிக்கொண்டும் பின்னால் இருப்பவன் முன்னால் நீட்டிக்கொண்டும் இரண்டு பேர் நின்றார்கள். எதையோ பிடித்திருந்த கைகள். இப்போது அதில் எதுவும் இல்லை.

"இவங்க என்ன பண்றாங்க?" என்று ஜெனரல் கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்தது.

"சார், இந்த ரெண்டு பேரையும் எடுக்க வேண்டாம். பின்னாடி இருக்கறது எங்க மாமனார்," என்றாள்.

அறையே நெகிழ்ந்து போயிற்று. ஜெனரல் எழுந்து வந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். "இதை மொதல்லயே சொல்ல வேண்டாமா? அவரை எடுக்கறதாவது. அவருக்கு நல்ல வேலையா பாத்துக் குடுப்போம். கை ரெண்டும் ஏற்கனவே முன்னாடிதானே இருக்கு. கொஞ்சம் மேல தூக்கி ஒண்ணு சேத்துட்டா கை தட்டற மாதிரி ஆயிடும்."

சூடான கத்தியால் முழங்கையில் அறுத்து, கையை மேலே ஏற்றி ஒட்டியது அவள்தான். வேறு யாராவது செய்திருந்தால் கோணலாகப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கை உயர்ந்ததில் சட்டைக்கை மணிக்கட்டுக்கு மேலே ஏறி, அதுவரை தெரியாத ஒரு பொத்தான் தெரிந்தது. அதற்கும் இரண்டு ஓட்டை போட்டாள்.

அன்றைக்கு வீட்டில் மாமனார் கேட்டார்: "நம்ம ஆளுங்க ரெண்டு பேரும் கரையேறியாச்சா?"

"ஆச்சு மாமா."

"எவ்வளவு வழுக்கும் தெரியுமா அது," என்று சொல்லிவிட்டு அவர் தலையணை உறையை நீவத் தொடங்கினார். கணவனிடம் மட்டும் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் ஒரு சாவியை அரத்தால் ராவியபடியே கேட்டுவிட்டு, "விட்டுட்டு வந்துடேன்," என்றான்.

"இவ்வளவு தூரம் வந்தப்புறமா?"

"இன்னும் தூரம் போயிட்டா இன்னும் கஷ்டம்," என்றான். அவள் அவனோடு சண்டை போட்டாள். தப்பு தன்மேல்தான் என்று தெரிந்தால், பக்கத்தில் இருப்பவர்மேல்தானே கோபம் வரும்.

எதிரிகள் போனது அதற்கடுத்த கூட்டத்தில். எதிரி நாடு இப்போது நட்பு நாடாகி, நடு மண்டபத்துக்கு ஏசி அன்பளிப்பாகக் கொடுத்திருந்தது.

"ஏசி குடுத்தவனைச் சுடற மாதிரி காட்டினா நல்லாவா இருக்கும்?" என்றார் இயக்குநர்.

"அப்ப நம்ம ஆளுங்க யாரை சார் சுடறாங்க?"

"ஏன் சுடணும்? துப்பாக்கியைத் தோள்ல மாட்டச் சொல்லுங்க. கை காலியாயிடும்."

காலியான கைகளுக்கு என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து எல்லாருக்கும் முழங்கையில் அறுத்தாள்.

ஒரு படை முழுவதும் மேட்டைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டு நிற்கிறது. மேட்டில் டாங்கி. டாங்கிமேல் யாரும் இல்லை. கண் உள்ளவர் யாருக்கும் அங்கே ஓர் ஆள் குறைவது தெரியும். கடைசிக் கூட்டத்தில், ஜெனரல் கை கழுவப் போயிருந்த நேரம் பார்த்து இயக்குநர் அவள் பக்கம் சாய்ந்தார்.

"ஜெனரல் அப்ப சின்ன அதிகாரி. அதே படைப்பிரிவு."

"அன்னிக்கு அங்க இருந்தாரா சார்?"

"படைப்பிரிவுல இருந்தார். அன்னிக்கு மட்டும் மூக்குல ஆபரேஷன்னு ஆஸ்பத்திரியில. ஆனா மனசு பூரா பாலத்துலதான் இருந்துச்சாம். மனசு இருந்த எடத்துல உடம்பைக் கொண்டுபோய் வைக்கிறதுதானேம்மா கலை."

திரும்பி வந்த ஜெனரல், விஷயத்தைக் கேட்டு வெகுவாகக் கூச்சப்பட்டார். "வேண்டாம், வேண்டாம். எனக்கு விளம்பரமே பிடிக்காது. அப்படியே வைக்கறதா இருந்தாலும் என்னைப் பெருசா காட்டாதீங்க. மத்தவங்களைக் கொஞ்சம் சின்னதா செஞ்சா போதும்."

இதற்குப் பொத்தான் எழுந்து நின்று எதிர்ப்புத் தெரிவித்தார். முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்றால் சிப்பாய்க்கும் அதே, ஜெனரலுக்கும் அதே. உயிரே போனாலும் அளவில் கை வைக்க விட மாட்டேன் என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் யாருக்கும் அஞ்சாதவர். அவருடைய நேர்மையை எல்லாரும் மெச்சினார்கள். அளவை மாற்றாமல், ஜெனரலை டாங்கியின் உச்சியில் ஏற்றி நிறுத்துவதென்று சமரசம் ஆயிற்று. மூக்கை மட்டும் ஆபரேஷனுக்குப் பிந்திய மூக்காகச் செய்யும்படி அவர் கேட்டுக்கொண்டார்.

திறப்பு விழாவுக்கு மாமனாருக்குத் தனி அழைப்பு வந்தது. உயிரோடிருக்கும் வீரர் என்ற முறையில். முட்டிவலிக்கு இவ்வளவு தூரம் வேண்டாம் மாமா, கூட்டமாக இருக்கும் மாமா என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் தன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டார். ஒரு தடவை போட்டு, திருப்தியில்லாமல் தண்ணீர் தெளித்து மறுபடியும் போட்டார். அவளால் அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

மண்டபம் ஜில்லென்று இருந்தது. ஜெனரல் பேசினார்.

"சில பேர் போரை ரத்தமாவும் அழுகையாவும் காட்டுவாங்க. அது சோம்பேறித்தனம். நாங்க ஒரு பொத்தான்கூட விடாம ஆராய்ச்சி பண்ணியிருக்கோம். இந்தப் பெட்டியில பொய்யான ஒரு ஆணி கிடையாது. உண்மைக்கு முன்னாடி நான் எப்பவும் தலை வணங்குவேன், அது எனக்கு வசதியா இருக்கற வரைக்கும்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதான் இத்தனை குழு போட்டோம்."

துணி விலகியது. கூட்டம் கை தட்டியது. கண்ணாடிக்குள்ளும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாமனார் கண்ணாடியருகே போய்க் குனிந்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிதானமாகப் பார்த்தார். எதையோ வைத்த இடத்தில் காணாமல் தேடுகிறவரைப் போல மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. இது எந்த எடம்?"

"பாலந்தான் மாமா."

"ஓ." பெட்டிக் கண்ணாடியை விரலால் துடைத்துவிட்டு, "நான் எங்க?" என்றார்.

அவள் விரலால் காட்டினாள். கரைச் சரிவில், பின்னால் நிற்கிறவன். அவர் மூக்கு கண்ணாடியில் இடிக்கும்வரை நெருங்கிப் பார்த்தார். வாயை அவள் மாற்றியிருக்கவில்லை. ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும் அந்த வாய் அப்படியே இருந்தது. கைகள் மட்டும் அவருடையவை இல்லை.

"நான் கை தட்டலையேம்மா," என்றார் அவர். குற்றம் சொல்கிற குரல் இல்லை. ஞாபகம் தப்பிவிட்டதோ என்று தன்னையே சந்தேகப்படுகிற குரல். அவள் தரையைப் பார்த்தாள்.

அதற்குள் புகைப்படக்காரர் வந்துவிட்டார். வீரரும் ஜெனரலும் பெட்டிக்கு முன் நிற்கும் படம் வேண்டும். பெரியவர் பொம்மையில் இருப்பது போலவே கை தட்ட வேண்டும்; அப்போதுதான் உள்ளே இருப்பவர் இவர்தான் என்று பார்க்கிறவர்களுக்குப் புரியும். பொத்தான் ஓடிவந்து மாமனாரின் சட்டையைப் பார்த்தார்.

"ஐயா, உங்க பொத்தான் நாலு ஓட்டை."

"அப்படியா?"

"உள்ள இருக்கறவருக்கு ரெண்டு. பொருந்தல. முடிஞ்சா கையால மறைச்சுக்கோங்க. கை தட்டினா மறைஞ்சிடும்."

"கையை மேல தூக்குங்க ஐயா," என்றார் புகைப்படக்காரர். "இன்னும் கொஞ்சம். உள்ள பாருங்க, எப்படி நிக்கறீங்கன்னு. அதே மாதிரி."

மாமனார் உள்ளே பார்த்தார். பிறகு கைகளைத் தூக்கவில்லை, இறக்கினார். முட்டி வலிக்க, மெதுவாக முன்னால் குனிந்து, தொடைகளுக்குப் பக்கத்தில் இரண்டு முஷ்டிகளையும் மூடினார். பழக்கப்பட்ட கைகள், இடைவெளி தவறாமல் போய் நின்றன. நிமிராமலே ஜெனரலைப் பார்த்துச் சொன்னார்:

"முன்னாடி புடிங்க சார்."

"எதை?" என்றார் ஜெனரல்.

"முன்னாடி போனா மூஞ்சி தெரியாது. பயப்படாதீங்க. புடிங்க, கனக்குது."

ஜெனரல் தரையைப் பார்த்தார், இயக்குநரைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். எங்கேயும் பிடிக்க ஒன்றும் இல்லை. ஏசி இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. மாமனார் கீழே, தன் முஷ்டிகளுக்கு நடுவே பார்த்து, "இதோ வந்தாச்சு," என்றார்.

அவள் ஓடிப்போய் முன்னால் நின்றாள். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் நீட்டி, இல்லாத கட்டைகளைப் பிடித்துக்கொண்டாள். மண்டபத்தின் குறுக்கே, நாற்காலிகளுக்கு நடுவே, வாசலை நோக்கி அவள் நடக்க, பின்னால் அவர் செருப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது.

இயக்குநர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "நம் வீரர் அன்றைய ராணுவப் பயிற்சி ஒன்றை நமக்காகச் செய்து காட்டுகிறார். அவருக்கு ஒரு கரவொலி."

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. வாசல் படிவரை அந்தச் சத்தம் அவர்கள் முதுகில் விழுந்தது. படியோரம் இருந்த செடிகளுக்குள் குனிந்து வாந்தி எடுத்தவளின் நெற்றியை மாமனார்தான் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கோ அதற்குப் பிறகோ அவர் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி, அழுக்குக் கூடையில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவள் இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், அதை எடுத்துடுங்க."

"எதை?"

"பெட்டியை."

"எப்படிம்மா? ஜெனரல் அதுல இருக்காரே."

"அப்ப எங்க மாமனாரை மட்டுமாவது எடுத்துடுங்க."

"படம் பத்திரிகையில வந்தாச்சு. உயிரோட இருக்கற வீரர்னு போட்டுட்டு அவரைக் காணோம்னா, செத்துட்டாருன்னுல்ல நெனப்பாங்க? நாமதான் சாவைக் காட்டறதில்லையே."

வெளியே யாரோ பெஞ்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

"என் பேரை எடுத்துடுங்க சார். அந்தத் தகட்டை. அது ஒண்ணாவது செய்யுங்க. அது நான் செஞ்சது இல்ல."

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் நிஜமாகவே அதிர்ச்சி தெரிந்தது.

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? இது அருங்காட்சியகம். இங்க பொய் எழுதி வைக்க முடியுமா? டாங்கியைத் தூக்கி வச்சது யாரு? நீங்க. மெழுகை உருக்கினது யாரு? நீங்க. அவர் கையை அறுத்து ஒட்டினது யாரு?"

அவள் தன் நகக்கண்ணில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டினாள்.

"நீங்கதானே?" என்றார் அவர் கனிவாக. "அது உண்மைதானே? உண்மையை நாங்க எப்படிம்மா எடுக்கறது?"

அவள் எழுந்து, வந்த வழியே நடு மண்டபம் வழியாகத்தான் வெளியே போக வேண்டியிருந்தது. பெட்டியைச் சுற்றிப் பார்வையாளர்கள் நின்றிருந்தார்கள். ஒரு பெண் தகட்டில் இருந்த பெயரைத் தன் தோழிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். பொம்பளை செஞ்சதாம், எவ்வளவு தத்ரூபமா இருக்கு பாரேன் என்றாள். பெயருக்குரியவள் தலையைக் குனிந்துகொண்டு அவர்களைத் தாண்டிப் போனாள்.